கன்னத்தில் தேய்த்த பஞ்சுக் குச்சி ஆய்வகத்தில் என்ன ஆகிறது? கே.ஜி.எஃப். தமிழர்களுக்கு எச்.எல்.ஏ. பரிசோதனை ஏன் முக்கியம்?

வீடு கோலார் தங்கவயலில், வேலை பெங்களூரில். மாரிக்குப்பத்தில் இருந்து அதிகாலையில் கிளம்பும் ரயிலில் ஏறுகிற பலருடைய வாழ்க்கை இதுதான். 2001 பிப்ரவரி 28-ல் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு ஊரில் பெரிதாக வேலை இல்லை. அதனால் ஒரு தலைமுறையே ரயிலில் வளர்ந்துவிட்டது.

அப்படிப் போகிற அலுவலகங்களில் எப்போதாவது ஒரு முகாம் நடக்கும். ஒரு மேசை, ஒரு படிவம், பஞ்சு சுற்றிய குச்சிகள். "ரத்தப் புற்றுநோய் நோயாளிகளுக்கு ஸ்டெம் செல் கொடுக்கப் பதிவு பண்ணிக்கோங்க" என்பார்கள். குச்சியைக் கன்னத்தின் உட்புறம் தேய்த்து, உறையில் போட்டுக் கொடுத்தால் முடிந்தது. சென்னையில் 2009-ல் தொடங்கிய தாத்ரி, ஜெர்மனியைச் சேர்ந்த டி.கே.எம்.எஸ். அமைப்பின் பெங்களூரு கிளை போன்ற கொடையாளர் பதிவகங்கள் இப்படித்தான் ஆட்களைச் சேர்க்கின்றன.

பெரும்பாலானவர்கள் அத்தோடு மறந்துவிடுவார்கள். ஆனால் அந்தக் குச்சியில் ஒட்டியிருக்கும் செல்களை வைத்துத்தான், உங்களால் இன்னொருவரைக் காப்பாற்ற முடியுமா என்று ஒரு ஆய்வகம் முடிவு செய்யப்போகிறது. அந்த ஆய்வகம் எவ்வளவு நுணுக்கமாக வாசிக்கிறது, யாருடைய மரபணுவோடு ஒப்பிட்டு வாசிக்கிறது என்ற இரண்டு விஷயங்களையும் பார்த்துவிடுவோம். கே.ஜி.எஃப். மாதிரி ஊர்க்காரர்களுக்கு இரண்டாவது கேள்விதான் கொஞ்சம் சிக்கல்.

எச்.எல்.ஏ. என்றால் என்ன?

நம் செல்கள் ஒவ்வொன்றும் தனக்குள் இருக்கும் புரதங்களின் சின்னச் சின்னத் துண்டுகளை வெளியே எடுத்துக் காட்டிக்கொண்டே இருக்கும். காட்டுவதற்கு ஒரு தட்டு வேண்டும் இல்லையா, அந்தத் தட்டுதான் எச்.எல்.ஏ. புரதம். நோய் எதிர்ப்பு செல்கள் சுற்றி வந்து தட்டில் இருப்பதைப் பார்க்கும். வைரஸ் துண்டு இருந்தால் அந்த செல்லை அழிக்கும். தட்டே அந்நியமாக இருந்தாலும் தாக்கும். மாற்று உறுப்பையோ, மாற்று எலும்பு மஜ்ஜையையோ உடல் நிராகரிப்பதற்கு இதுதான் முக்கியக் காரணம். மஜ்ஜை மாற்றத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கொடையாளரின் செல்கள் நோயாளியின் உடலையே அந்நியமாக நினைத்துத் தாக்கத் தொடங்கலாம்.

இந்தத் தட்டுகளுக்கான மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் நெருக்கமாக உட்கார்ந்திருக்கின்றன. ஏ, பி, சி, டி.ஆர்.பி1, டி.க்யூ.பி1, டி.பி.பி1 ஆகியவை முக்கியமானவை. மனித மரபணுத் தொகுப்பிலேயே ஆளுக்கு ஆள் மிக அதிகமாக மாறுபடும் பகுதி இது. உலகத் தரவுத்தளத்தில் இதுவரை பதிவான எச்.எல்.ஏ. வடிவங்கள் 40 ஆயிரத்துக்கும் மேல்.

நெருக்கமாக இருப்பதால் இவை பெரும்பாலும் மொத்தமாக, ஒரு பொதி மாதிரி, பெற்றோரிடம் இருந்து பிள்ளைக்கு வருகின்றன. அப்பாவின் இரண்டு பொதிகளில் ஒன்று, அம்மாவின் இரண்டில் ஒன்று. ஆகவே கூடப்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்த 25% வாய்ப்பு. கூடப்பிறந்தவர்கள் இரண்டு பேர் இருந்தால், யாராவது ஒருவர் பொருந்தும் வாய்ப்பு 44%. ஐந்து பேர் இருந்தால் 76%. தாத்தா காலத்து லைன் வீட்டில் ஐந்தாறு பிள்ளைகள் சாதாரணம். இன்று ஒன்றோ இரண்டோதான். குடும்பம் சின்னதாக ஆக ஆக, வெளியாரைத் தேட வேண்டிய நிலை அதிகமாகிறது. அத்தை மகள், மாமன் மகன், தாய்மாமன் என்று சொந்தத்தில் கட்டிய குடும்பங்களில் மட்டும் கணக்கு கொஞ்சம் மாறும். அங்கே ஒரே பொதி பல கிளைகளில் சுற்றிக்கொண்டிருக்கும் என்பதால், கூடப்பிறந்தவர் பொருந்தாவிட்டாலும் பெற்றோரோ நெருங்கிய உறவினரோ பொருந்த வாய்ப்பு உண்டு. அதனால் இப்படிப்பட்ட குடும்பங்களில் சொந்தபந்தம் வரைக்கும் தேடிப் பார்ப்பது வீண்போகாது.

தாய்மார்களின் ரத்தத்தில் தொடங்கிய கதை

இந்தியாவில் முதல் வெற்றிகரமான எலும்பு மஜ்ஜை மாற்றம் 1983-ல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் நடந்தது. 1986-ல் வேலூர் சி.எம்.சி. தொடங்கியது. அப்போது எச்.எல்.ஏ. வகையைக் கண்டுபிடிக்க யாரும் டி.என்.ஏ.வை வாசிக்கவில்லை. பயன்பட்டது சீரம், அதுவும் பெரும்பாலும் பல பிள்ளை பெற்ற தாய்மார்களின் ரத்தத்தில் இருந்து எடுத்தது.

காரணம் எளிது. வயிற்றில் இருக்கும் பிள்ளையின் பாதி எச்.எல்.ஏ. அப்பாவுடையது, அம்மாவுக்கு அந்நியமானது. எனவே அதற்கு எதிராகச் சில தாய்மார்களின் உடலில் எதிரணுப் புரதங்கள் உருவாகும். பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களின் சீரத்தில் இப்படி ஒரு எதிர்வினையைக் கவனித்து, 1958-ல் முதல் எச்.எல்.ஏ. வகையை விவரித்தவர் பிரான்சின் ழான் தொசே. 1980-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். 1964-ல் பால் டெரசாகியும் சக ஆய்வாளரும் இதைச் சொட்டுக் கணக்கில் செய்யும் முறையாக மாற்றினார்கள். சிறு குழிகள் உள்ள தட்டில் வெவ்வேறு சீரத்தைப் போட்டு, ஆளின் உயிருள்ள வெள்ளை அணுக்களைச் சேர்ப்பார்கள். எந்தக் குழியில் அணுக்கள் சாகிறதோ, அந்த சீரம் குறிவைக்கும் வகை அவரிடம் இருக்கிறது.

நல்ல முறைதான். ஆனால் மேலோட்டமானது. உருவத்தில் ஒத்திருக்கும் பல வடிவங்களை ஒரே பெயரில் அடைத்துவிடும்.

இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆர்.எம். பிச்சப்பன் குழு 1984-லேயே தமிழ்நாட்டு மக்கள் குழுக்களின் எச்.எல்.ஏ. வகைகளை வெளியிட்டது. 1991-ல் அதே குழு, தென்னிந்தியாவில் நுரையீரல் காசநோய்க்கும் 'டி.ஆர்.2' என்ற வகைக்கும் தொடர்பு தெரிவதாக எழுதியது. அது சீரம் காலத்துப் பெயர். 'டி.ஆர்.2' என்பது உண்மையில் ஒரு கூட்டம். அதைப் பிரித்தால் டி.ஆர்.15, டி.ஆர்.16 என்று இரண்டு கிளை, ஒவ்வொன்றுக்குள்ளும் பல வடிவங்கள். 1999-ல் டி.என்.ஏ. முறையில் மறுபடி பார்த்தபோது, கூட்டத்துக்குள் இருந்து டி.ஆர்.பி1*15:01 என்ற குறிப்பிட்ட வடிவத்தைச் சுட்ட முடிந்தது. மக்கள் அதேதான், நோயும் அதேதான். வாசித்த நுணுக்கம்தான் மாறியது.

காசநோய் என்றதும் கே.ஜி.எஃப். ஞாபகத்துக்கு வராமல் போகாது. மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமான சுரங்கத்தில் குவார்ட்ஸ் தூசியைச் சுவாசித்தவர்களின் நுரையீரல் சிலிகோசிஸால் இறுகியது. 1940-லேயே மைசூர் அரசு இதற்கு இழப்பீட்டு விதிகள் கொண்டுவர வேண்டியிருந்தது. சிலிகோசிஸ் இருப்பவர்களுக்குக் காசநோய் வரும் ஆபத்து பல மடங்கு அதிகம்.

அப்படியானால் மரபணுவைச் சோதித்து, ஆபத்துள்ளவர்களைச் சுரங்கத்துக்கு அனுப்பாமல் இருக்கலாமே? அமெரிக்காவில் கிட்டத்தட்ட இதே கேள்வி எழுந்தது. பெரிலியம் உலோகத் தூசியால் வரும் நுரையீரல் நோய்க்கும் டி.பி.பி1 மரபணுவின் 69-வது இடத்தில் வரும் ஒரு மாற்றத்துக்கும் வலுவான தொடர்பு 1993-ல் தெரியவந்தது. ஆனால் அந்த மாற்றம் உள்ள பெரும்பாலானவர்களுக்கு நோய் வருவதில்லை. அவர்களுக்கு வேலையை மறுப்பது நியாயமா என்ற விவாதம் அங்கே நீண்டகாலம் ஓடியது. என் கருத்து, தூசியைக் குறைப்பது முதலாளியின் வேலை. அதைத் தொழிலாளியின் ஆறாவது குரோமோசோம் தலையில் கட்டக்கூடாது. சரி, ஆய்வகத்துக்கே திரும்புவோம்.

பெயரில் இருக்கும் எண்கள் என்ன சொல்கின்றன?

ரிப்போர்ட்டில் ஏ*24:02:01:01 என்று வரும். நட்சத்திரத்துக்குப் பிறகு முதல் எண் குடும்பம். இரண்டாவது எண் புரதத்தின் குறிப்பிட்ட வடிவம். மூன்றாவது, புரதத்தை மாற்றாத எழுத்து மாற்றங்கள். நான்காவது, மரபணுவில் புரதமாகாத பகுதிகளில் உள்ள மாற்றங்கள். மாற்று சிகிச்சைக்குக் குறைந்தது முதல் இரண்டு எண்களும் தேவை.

இரண்டாவது எண் ஏன் அவ்வளவு முக்கியம்? கார்பமாசெபின் என்று ஒரு வலிப்பு மாத்திரை. பி*15:02 உள்ளவர்கள் அதைச் சாப்பிட்டால் சிலருக்குத் தோல் கொத்துக் கொத்தாக உரியும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்க்குறி வரலாம், உயிருக்கே ஆபத்து. தைவானில் 2004-ல் இந்தத் தொடர்பு தெரிந்தது. பிறகு இந்திய நோயாளிகளிடமும் பதிவானது. ஐரோப்பியர்களிடம் சாதாரணமாகக் காணப்படும் பி*15:01-க்கு இந்த ஆபத்து இல்லை. 'பி*15' என்று மட்டும் எழுதிய ரிப்போர்ட் டாக்டருக்கு எந்த உதவியும் செய்யாது.

முதுகுவலிக்காகப் பலர் எடுக்கும் எச்.எல்.ஏ.-பி27 டெஸ்டும் இதே குடும்பம்தான். அதில் பாசிட்டிவ் வந்தாலே நோய் என்று அர்த்தமில்லை. பி27 உள்ளவர்களில் சிறு பகுதியினருக்குத்தான் முதுகெலும்பு இறுகும் நோய் வருகிறது. பி*27:06 போன்ற சில உள்வகைகளுக்கு அந்த நோயோடு தொடர்பே தெரியவில்லை. கூகுளில் தேடி பயந்துகொண்டிருப்பவர்களுக்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

ஒரே நேரத்தில் இரண்டு சொல்லை வாசிப்பது எப்படி?

1980-களில் பி.சி.ஆர். வந்தது. தேவையான மரபணுத் துண்டை மட்டும் கோடிக்கணக்கில் பிரதி எடுக்க முடிந்தது. அதன் பிறகு இரண்டு எளிய வழிகள் வந்தன. தெரிந்த எழுத்து வரிசைகளை வைத்திருக்கும் சிறு டி.என்.ஏ. துண்டுகளோடு ஒட்டுகிறதா என்று பார்ப்பது ஒன்று. குறிப்பிட்ட வடிவம் இருந்தால் மட்டும் பிரதி எடுக்கும்படி தொடக்கத் துண்டுகளை அமைப்பது இன்னொன்று. இரண்டும் வேகமானவை. ஆனால் ஏற்கெனவே தெரிந்ததை மட்டுமே தேடும். நீங்கள் கேட்காத கேள்விக்கு அவை பதில் சொல்லாது.

அடுத்தது சாங்கர் முறை, எழுத்து எழுத்தாக வாசிப்பது. இங்கேதான் ஒரு வேடிக்கையான சிக்கல். அப்பாவிடம் இருந்து ஒரு பிரதி, அம்மாவிடம் இருந்து ஒரு பிரதி. சாங்கர் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாசிக்கும். ஒரு தாளில் இரண்டு சொற்களை ஒரே இடத்தில் அச்சடித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் எழுத்து 'க' அல்லது 'ம'. இரண்டாவது எழுத்து 'லை' அல்லது 'ழை'. அச்சடித்தது எந்தச் சொற்கள்? 'கலை'யும் 'மழை'யுமாக இருக்கலாம். 'கழை'யும் 'மலை'யுமாகவும் இருக்கலாம். நான்குமே தமிழ்ச் சொற்கள், அதனால் அகராதியைப் பார்த்தும் தீர்க்க முடியாது. எச்.எல்.ஏ.விலும் இப்படித்தான். இரண்டு வெவ்வேறு ஜோடிகள் ஒரே மாதிரி தெரியும். அப்போது ஆய்வகம், "இந்த மக்களிடம் எந்த ஜோடி அதிகம்?" என்ற புள்ளிவிவரத்தைப் பார்த்து ஊகிக்கும். புள்ளிவிவரம் ஐரோப்பியர்களுடையதாக இருந்தால் ஊகமும் அப்படித்தான் சாயும்.

புதிய தலைமுறை சீக்வென்ஸிங் இதைப் பெருமளவு தீர்த்தது. இதில் ஒவ்வொரு டி.என்.ஏ. துண்டும் தனித்தனியாக வாசிக்கப்படுகிறது. 'கலை' தனி, 'மழை' தனி. ஒவ்வொருவரின் துண்டுகளோடும் ஒரு அடையாள எழுத்துத் தொடரைச் சேர்த்துவிட்டால், ஆயிரக்கணக்கானவர்களின் மாதிரிகளை ஒன்றாகக் கலந்து ஒரே ஓட்டத்தில் வாசித்து, கணினியில் பிரித்துக்கொள்ளலாம். ஜெர்மனியின் டிரெஸ்டனில் உள்ள டி.கே.எம்.எஸ். ஆய்வகம் இந்த வழியில் பெரிய அளவில் வகைப்படுத்தல் செய்கிறது. ஒரு பஞ்சுக் குச்சியை வைத்து லட்சக்கணக்கானவர்களைக் கட்டுப்படியாகும் செலவில் பதிவு செய்ய முடிவது இதனால்தான்.

செலவைக் குறைக்க ஒரு குறுக்குவழியும் உண்டு. தட்டின் பள்ளத்தை உருவாக்கும் பகுதிகளை, அதாவது ஏ, பி, சி மரபணுக்களில் இரண்டாவது, மூன்றாவது எக்ஸான்களை, முதலில் வாசிப்பது. பெரும்பாலும் அது போதும். ஆனால் ஏ*24:09-என் என்று ஒரு வடிவம் உண்டு. ஆசியாவில் பரவலாக இருக்கும் ஏ*24:02-க்கும் அதற்கும் வித்தியாசம் நான்காவது எக்ஸானில் இருக்கிறது. அந்த மாற்றத்தால் புரதம் பாதியில் நின்றுபோகிறது, தட்டு செல்லின் மேலே வருவதே இல்லை. கடைசியில் இருக்கும் 'என்' என்ற எழுத்து அதைத்தான் குறிக்கிறது. நான்காவது எக்ஸானைப் பார்க்காத ஆய்வகத்துக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

பேக்பயோ, ஆக்ஸ்ஃபோர்டு நானோபோர் போன்ற நீள்வாசிப்புக் கருவிகள் மரபணு முழுவதையும் ஒரே மூச்சில் வாசிக்கின்றன. இதில் 'கலை-மழை' குழப்பமும் இல்லை, விட்டுப்போன எக்ஸானும் இல்லை. தொடக்க காலத்தில் எழுத்துப் பிழைகள் அதிகம் இருந்தன, இப்போது வெகுவாகக் குறைந்திருக்கின்றன.

ஒப்பிடும் பட்டியலில் நாம் இருக்கிறோமா?

கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஒரு ஓட்டை இருக்கிறது. பி.சி.ஆர். தொடக்கத் துண்டுகள் தெரிந்த வரிசைகளை வைத்து வடிவமைக்கப்பட்டவை. ஒருவரிடம் அந்த இடத்திலேயே அரிய மாற்றம் இருந்தால், அந்தப் பிரதி பெருகாது. ஆய்வகத்துக்கு இன்னொரு பிரதி மட்டும் தெரியும். "இரண்டு பக்கமும் ஒரே வடிவம்" என்று ரிப்போர்ட் வந்துவிடும். யாருடைய வரிசைகள் தரவுத்தளத்தில் குறைவாக இருக்கின்றனவோ, அவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம்.

இந்தியர் என்று ஒரே வகையாகச் சொல்வதும் சீரம் காலத்து 'டி.ஆர்.2' மாதிரிதான். 2017-ல் நேச்சர் ஜெனடிக்ஸ் இதழில் வந்த ஆய்வு தெற்காசியாவின் 260-க்கும் மேற்பட்ட குழுக்களைப் பார்த்தது. அவற்றில் 81 குழுக்கள், ஃபின்லாந்து மக்களையும் அஷ்கெனாசி யூதர்களையும் விட அதிகமாக, மிகச் சில முன்னோர்களிடம் இருந்து பெருகியவை. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட குழுக்களும் அதில் உண்டு. சாதிக்குள்ளேயே நூற்றாண்டுகளாகக் கல்யாணம் செய்ததன் தடம் இது. எச்.எல்.ஏ. பொதிகளும் அந்த வேலிகளுக்குள்ளேயே சுற்றியிருக்கின்றன.

கே.ஜி.எஃப். தமிழர்களின் முன்னோர் 1880-களில் இருந்து வடஆற்காடு, சேலம், சித்தூர் பக்கங்களில் இருந்து சுரங்க வேலைக்கு வந்தவர்கள். அவர்களில் பெரும்பான்மை தலித் மக்கள். முகவரி கர்நாடகா என்றாலும், மரபணுப் பொதி வந்த வழி ஆம்பூர், குடியாத்தம், திருப்பத்தூர்ப் பக்கம். எனவே ராபர்ட்சன்பேட்டையில் இருக்கும் ஒரு நோயாளிக்குப் பொருந்தும் ஆள், பெங்களூரில் பக்கத்துச் சீட்டில் இருப்பவரைவிட வேலூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்தக் கிராமத்தில் முகாம் நடந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஐ.டி. அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் மட்டும் குச்சி கொடுத்தால், பட்டியலில் யார் சேர்வார்கள், யார் விடுபடுவார்கள் என்று யோசித்தாலே தெரியும்.

பட்டியலின் சாய்வு என்ன செய்யும் என்பதை அமெரிக்கப் பதிவகத்தின் கணக்கு காட்டுகிறது. 2014-ல் வெளியான ஆய்வில், முழுப் பொருத்தம் உள்ள கொடையாளர் கிடைக்கும் வாய்ப்பு ஐரோப்பிய வம்சாவளி வெள்ளையர்களுக்கு 75%. தென், மத்திய அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கு 16%. அதே ஆண்டு லான்செட் ஹெமட்டாலஜியில் வந்த இந்தியா பற்றிய ஆய்வும், இந்தியாவுக்குள் பதிவகம் பெரிதாகாமல் இந்திய நோயாளிகளின் வாய்ப்பு உயராது என்றே சொன்னது. உலகம் முழுக்க 4 கோடிக்கும் மேற்பட்ட கொடையாளர்கள் பதிவாகியிருக்கிறார்கள். 140 கோடி பேர் உள்ள நாட்டின் பங்கு அதில் சில லட்சங்கள்தான்.

பாதிப் பொருத்தம் உள்ள அப்பா, அம்மா, பிள்ளையிடம் இருந்தே மஜ்ஜை மாற்றம் செய்யும் முறை இப்போது நன்றாக வளர்ந்திருக்கிறது, இந்தியாவிலும் நடக்கிறது. ஆள் கிடைக்காத பலருக்கு அதுதான் வழி. ஆனாலும் டாக்டர்கள் முழுப் பொருத்தத்தைத் தேடுவதை நிறுத்திவிடவில்லை.

2025 ஜனவரியில் வெளியான ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவு, 83 மக்கள் குழுக்களில் இருந்து சுமார் 10 ஆயிரம் பேருடையது. முழு மரபணுத் தொகுப்பில் இருந்து எச்.எல்.ஏ. வடிவங்களை மென்பொருள் மூலம் பிரித்தெடுக்கலாம். ஆனால் இந்தப் பகுதி அவ்வளவு மாறுபடுவதால், குறுகிய துண்டுகள் தவறான இடத்தில் போய் ஒட்டும். கவனமாகச் செய்யாவிட்டால் தப்பான வடிவம் வெளியே வரும். எச்சிலை அனுப்பினால் வம்சாவளி சொல்லும் கம்பெனிகள் தரும் தரவில் இருந்து எச்.எல்.ஏ.வை ஊகிப்பது இன்னும் பலவீனமானது. அந்த ஊகத்துக்கு ஒரு மாதிரிப் பட்டியல் வேண்டும், அது பெரும்பாலும் நம்முடையது இல்லை.

உங்களுக்கு போன் வந்தால்?

முகாமில் கொடுத்த குச்சி முதல் கட்டம் மட்டும்தான். யாருக்காவது பொருந்துவதாகத் தெரிந்தால் பதிவகம் அழைக்கும். ரத்த மாதிரி எடுத்து, எச்.எல்.ஏ. மறுபடி வாசிக்கப்படும். முதல் வாசிப்பில் விட்டுப்போனது எல்லாம் இங்கே பிடிபட வேண்டும். அதன் பிறகு உடல் பரிசோதனை. ஒத்துக்கொண்டால், ஸ்டெம் செல்களை ரத்தத்துக்குள் வரவைக்கும் ஊசி சில நாட்கள் போடுவார்கள். பிறகு பிளேட்லெட் தானம் மாதிரி ஒரு கையில் இருந்து ரத்தம் எடுத்து, செல்களைப் பிரித்து, மீதியை மறு கையில் ஏற்றிவிடுவார்கள். எலும்பில் துளை போடுவது இப்போது அரிதுதான். ஊசி போடும் நாட்களில் உடம்பு வலி இருக்கும்.

பதிவு செய்தவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள், போன் நம்பர் மாறினால் பதிவகத்துக்குச் சொல்வது. வரமுடியாது என்றால் அதையும் முதல் அழைப்பிலேயே சொல்லிவிடலாம். கடைசி நேரத்தில் பின்வாங்கினால் நிலைமை வேறு. அப்போது நோயாளியின் பழைய மஜ்ஜையை மருந்து கொடுத்து ஏற்கெனவே அழித்திருப்பார்கள்.